வற்றி ஊறும் மடி

பால் ஆட்டின் மடி, இரண்டு ஈத்துகளுக்கு இடையே தன் சுரப்புத் திசுவைப் பெருமளவு கலைத்துவிட்டுத் திரும்பக் கட்டிக்கொள்ளும் உறுப்பு. வளர்ந்த விலங்கின் இதயமோ சிறுநீரகமோ இப்படிச் செய்வதில்லை. ஆடு குட்டி ஈன்று ஏறத்தாழ பத்து மாதம் பால் தருகிறது. அதற்குள் மறுபடியும் சினை பிடிக்கிறது. 150 நாள் சினையின் கடைசி இரண்டு மாதம் கறவையை நிறுத்திவிடுகிறார்கள். அந்த வற்றுக்காலத்தில் மடி சுருங்கி, தோல் தளர்ந்து, அடிவயிற்றில் ஒட்டிக் கிடக்கும். ஈனும் நாள் நெருங்கும்போது மீண்டும் புடைத்து இறுகும்.

ஆனால் திரும்பி வருவது பழைய மடி அல்ல. தலையீத்தில் உருண்டையாக, வயிற்றோடு சேர்ந்து நின்ற மடி, மூன்றாம் ஈத்தில் பின்னங்கால் கணுமூட்டுவரை இறங்கித் தொங்கலாம். அதே கிடாவுக்குப் பிறந்த இன்னொரு ஆட்டுக்கு ஐந்தாம் ஈத்திலும் மடி கட்டுக்குலையாமல் இருக்கலாம். இரண்டும் ஒரே பட்டியில் ஒரே தீவனம் தின்று வளர்ந்தவையாக இருக்கலாம். இந்த வேறுபாட்டில் எவ்வளவு பிறவியிலேயே வந்தது, எவ்வளவு வாழ்வில் சேர்ந்தது? பால் ஆட்டு வளர்ப்பின் மிகப் பழைய கேள்விகளில் இது ஒன்று. மரபியல் இதற்குத் தரும் பதில், கேள்வியையே இரண்டாகப் பிரித்துவிடுகிறது. மடியில் ஒரு பகுதி ஈத்துக்கு ஈத்து புதிதாகிறது. இன்னொரு பகுதி புதிதாவதே இல்லை. மரபணுக்கள் இரண்டிலும் கைவைக்கின்றன, ஆனால் ஒரே விதமாக அல்ல.

முதலில் மடியின் அமைப்பு. ஆட்டின் மடிக்கு இரண்டு பாதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு காம்பு. நடுவே தாங்கு நார்ச்சுவர் இரண்டையும் பிரிக்கிறது. ஒரு பாதியின் பால் மறு பாதிக்குள் போகாது. மேல்பகுதியில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணறைகள் கோடிக்கணக்கில் கொத்துக்கொத்தாக இருக்கின்றன. அவற்றின் உட்சுவரில் ஒற்றை அடுக்காக நிற்கும் செல்கள்தாம் பாலைச் சுரக்கின்றன. சுரந்த பால் சிறுகுழாய்கள் வழியே இறங்கி, காம்புக்கு மேலே உள்ள பெரிய பாலறையில் தேங்குகிறது. பசுவில் இரு கறவைகளுக்கு இடையே சேரும் பாலில் ஐந்தில் ஒரு பங்கு அளவே அந்த அறையில் இருக்கும். மீதி நுண்ணறைகளிலேயே தங்கிவிடும். ஆட்டில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பாலறைக்கு வந்துவிடுகிறது. ஆட்டின் மடி தன் எடையைத் தாழ்வான இடத்தில் சுமக்கிறது என்பதற்கு இதுவே காரணம்.

பாலறையின் அளவு இனத்துக்கு இனம் வேறுபடுகிறது. ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் அட்லான்டிக் கடலில் உள்ள கேனரித் தீவுகளில் ஆடுகளை நாளுக்கு ஒருமுறை மட்டுமே கறப்பது நெடுநாள் வழக்கம். அங்கே நிலைத்த மஹோரேரா, டினெர்ஃபேன்யா இனங்களுக்குப் பாலறை மிகப் பெரிது. நாளுக்கு இருமுறைக் கறவையை ஒருமுறையாகக் குறைத்தால் அவை இழக்கும் பால் மிகக் குறைவு. பிரான்சின் ஆல்பைன் ஆடுகளில் இதே மாற்றம் கணிசமான இழப்பைத் தருகிறது. மனிதர்களின் கறவைப் பழக்கம் பல தலைமுறைகளாக எந்த மடி நிலைக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்திருக்கிறது. ஆய்வகம் எதுவும் இல்லாமல் நடந்த மரபுத் தேர்வு இது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சான்றும் இதுதான்.

இனி மடி கலையும் கதை. கறவையை நிறுத்தியதும் பால் உடனே நின்றுவிடுவதில்லை. முதலில் அறை நிறைகிறது, பிறகு நுண்ணறைகள் உப்புகின்றன. ஏறத்தாழ 20 மணி நேரம் கறக்காமல் விட்டால், அடுத்தடுத்த செல்களை ஒட்டி வைத்திருக்கும் நெருக்கமான பிணைப்புகள் இளகத் தொடங்குகின்றன. பாலில் இருக்க வேண்டிய லாக்டோஸ் இரத்தத்தில் கசிகிறது. இரத்தத்தில் இருக்க வேண்டிய சோடியம் பாலில் ஏறுகிறது. இதனால்தான் வற்றப்போகும் ஆட்டின் பால் உப்புக் கரிக்கிறது.

நிறுத்தச் சொல்லும் செய்தி எங்கிருந்து வருகிறது? இதில் நிசிம் சிலானிகோவும் அவருடன் பணியாற்றிய இஸ்ரேலிய ஆய்வாளர்களும் கண்டது அழகானது. செய்தி பாலுக்குள்ளேயே இருக்கிறது. பாலில் பிளாஸ்மின் என்ற நொதி உண்டு. தேங்கிக் கிடக்கும் பாலில் அது கேசின் புரதத்தைத் துண்டாக்குகிறது. அப்படிப் பிறக்கும் சிறு துண்டுகள் சுரப்புச் செல்களின் மேற்புறத்தில் உள்ள பொட்டாசிய வாயில்களை அடைத்துச் சுரப்பைத் தணிக்கின்றன. 2002ல் இந்தக் குழு, செரித்த கேசின் துண்டுகளை ஆட்டின் மடிப் பாதிக்குள் செலுத்திப் பார்த்தது. செல்களுக்கு இடையிலான பிணைப்புகள் குலைந்து, அந்தப் பாதி மிக வேகமாக வற்றியது. குட்டிக்கு உணவாகும் அதே புரதம், குடிக்க ஆளில்லாதபோது மடியை மூடும் ஆணையாகவும் மாறுகிறது.

ஆணை செல்லுக்குள் எட்டியதும் மரபணுக்களின் இயக்கம் மாறுகிறது. பால் தரும் காலத்தில் புரோலாக்டின் ஹார்மோன் ஸ்டாட்-5 என்ற புரதத்தைத் தூண்டுகிறது. அது செல்லின் கருவுக்குள் சென்று கேசின் போன்ற பால் மரபணுக்களை இயக்கி வைக்கிறது. பால் தேங்கும்போது ஸ்டாட்-5 தணிகிறது. அதன் உறவுப் புரதமான ஸ்டாட்-3 விழித்து, செல்கள் ஒழுங்காக மடிந்துபோகும் வேலையைத் தொடங்கிவைக்கிறது. இது முதலில் எலிகளில் நிறுவப்பட்டது: 1990களின் இறுதியில், மடியில் மட்டும் ஸ்டாட்-3 மரபணு நீக்கப்பட்ட எலிகளில் மடி கலைவது தாமதமானது. எலியின் மடி சில நாட்களில் ஏறக்குறைய முழுவதும் இடிந்துவிடும். ஆட்டில் அப்படி நடப்பதில்லை. வற்றுக்காலத்தில் ஆடு சினையாக இருப்பதால் ஒரு பக்கம் பழைய செல்கள் மடியும்போதே மறுபக்கம் புதிய செல்கள் பிரிந்து பெருகுகின்றன. நுண்ணறைகளின் சட்டகம் பெரிதும் அப்படியே நிற்கிறது. அதில் குடியிருக்கும் செல்கள் மாறுகின்றன. வற்ற விடாமல் தொடர்ந்து கறந்த ஆடுகளில் இந்தச் செல் புதுப்பிப்பு குறைகிறது. வற்றுக்காலத்தை வீணான நாட்களாகக் கருதுவது தவறு என்பதற்கு இதைவிட நேரடியான காரணம் தேவையில்லை.

மடி திரும்பக் கட்டப்படுவதைப் பெரும்பாலும் இரத்தத்தில் வரும் ஹார்மோன்களே நடத்துகின்றன. 1960களில் கேம்பிரிட்ஜ் அருகே பாப்ரஹாம் ஆய்வு நிலையத்தில் ஜேம்ஸ் லின்செல், ஓர் ஆட்டின் மடிச் சுரப்பியை அறுத்தெடுத்து அதே ஆட்டின் கழுத்தில் பொருத்தி, கழுத்துத் தமனியோடும் சிரையோடும் இணைத்தார். நரம்பு இணைப்பு எதுவும் இல்லாத அந்தச் சுரப்பி கழுத்திலேயே பால் சுரந்தது.

இந்த ஹார்மோன்களில் ஒன்று தனிக் கவனத்துக்குரியது. நஞ்சுக்கொடி சுரக்கும் லாக்டோஜென், சினைக்காலத்தின் பிற்பகுதியில் மடி வளர்ச்சியைத் தூண்டுகிறது. இரட்டைக் குட்டி சுமக்கும் ஆட்டின் இரத்தத்தில் இது ஒற்றைக் குட்டி சுமக்கும் ஆட்டைவிட அதிகம். அப்படிப்பட்ட ஆடுகள் ஈன்ற பிறகு பாலும் கூடுதலாகத் தருகின்றன என்று 1970களின் இறுதியில் பிரிட்டனில் ஐசபெல் ஃபார்சைத்தும் அவரது குழுவினரும் காட்டினார்கள். இதன் உட்பொருளைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். லாக்டோஜெனைச் சுரக்கும் நஞ்சுக்கொடிச் செல்கள் குட்டியின் பக்கத்தைச் சேர்ந்தவை. அவற்றின் மரபணுக்களில் பாதி கிடாவிடமிருந்து வந்தவை. ஆகவே ஒரு ஈத்தின் மடி அந்த ஆட்டின் மரபணுக்களால் மட்டும் அமைவதில்லை. அது சுமந்த குட்டிகளின் எண்ணிக்கையும், அவற்றின் வழியே கிடாவின் பங்கும் அதில் கலந்திருக்கின்றன. தலையீத்தில் ஒரு குட்டி, இரண்டாம் ஈத்தில் மூன்று குட்டி ஈன்ற ஆட்டின் மடி திடீரென்று பெருத்திருந்தால், அதை அப்படியே ஆட்டின் பரம்பரைக் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

ஈன்ற பிறகும் கட்டுமானம் சில வாரங்கள் தொடர்கிறது. அப்போது கறப்பவரின் கையும் பேசுகிறது. ஸ்காட்லாந்தின் ஏர் நகரில் இருந்த ஹன்னா ஆய்வு நிலையத்தில் ஓர் எளிய சோதனை செய்தார்கள். ஒரே ஆட்டின் ஒரு பாதியை நாளுக்கு மூன்று முறையும் மறு பாதியை இரண்டு முறையும் கறந்தார்கள். இரத்தமும் ஹார்மோனும் இரண்டுக்கும் பொது. ஆனாலும் மூன்று முறை கறந்த பாதியில் மட்டும் பால் கூடியது. கறந்த பாலுக்குப் பதிலாக அதே அளவு சர்க்கரைக் கரைசலை உள்ளே விட்டபோதும் சுரப்பு கூடியது. அழுத்தம் குறைந்ததால் பால் கூடவில்லை, பாலில் இருந்த தடைப்பொருள் நீங்கியதால் கூடியது என்று இதிலிருந்து முடிவுசெய்தார்கள். மாதக்கணக்கில் மூன்று முறைக் கறவையைத் தொடர்ந்தபோது அந்தப் பாதியில் செல்களின் எண்ணிக்கையே உயர்ந்தது. இடது மடியும் வலது மடியும் ஒரே மரபணுக்களைக் கொண்டவை என்பதை நினைத்தால், மடியின் தோற்றத்தில் கறவை முறைக்கு உள்ள பங்கு எவ்வளவு பெரிது என்று புரியும்.

இதுவரை சொன்னது புதிதாகும் பகுதி. இப்போது புதிதாகாத பகுதிக்கு வருவோம்.

மடியின் எடையைத் தோல் தாங்குவதில்லை. இடுப்பெலும்பிலிருந்தும் வயிற்றுச் சுவரிலிருந்தும் இறங்கும் நார்த்தாள்கள் தாங்குகின்றன. இரு பக்கங்களிலும் உள்ளவை கெட்டியான கொல்லாஜென் மிகுந்தவை, அதிகம் நீளாதவை. நடுவே இரண்டு பாதிகளுக்கும் இடையில் இறங்கும் தாங்கு நாரில் எலாஸ்டின் மிகுதி. மடி நிறையும்போது அது நீண்டு, கறந்ததும் சுருங்குகிறது. உடம்பு எலாஸ்டினை வளரும் பருவத்தில்தான் தாராளமாக உருவாக்குகிறது. பிறகு மாற்றி வைப்பது மிக அரிது. நாளுக்கு நான்கு லிட்டர் பால் தரும் ஆட்டின் தாங்கு நார், ஆண்டில் முந்நூறு நாள், நாளுக்கு இரு முறை நீண்டு சுருங்குகிறது. செல்கள் வற்றுக்காலத்தில் புதிதாகின்றன, நார் புதிதாவதில்லை. ஆண்டுக்கொரு முறை கீற்று மாற்றிய வீட்டிலும் நடுத்தூண் பழையதாகவே நிற்பது போன்ற நிலை இது. நடு நார் தளர்ந்த ஆட்டில் இரண்டு பாதிகளுக்கும் இடையே உள்ள பள்ளம் மறைகிறது, மடியின் அடி தட்டையாகிறது, காம்புகள் இரு பக்கமும் விலகிச் சாய்கின்றன. கறவை இயந்திரத்தின் குவளை சரியாகப் பொருந்தாது. பிறந்த குட்டிக்குக் காம்பு வாய்க்கு எட்டாது. தரையில் உரசி, முள்ளில் கிழிந்து, மடிநோய்க்கு வழி பிறக்கும்.

மரபணுவின் பங்கை அளக்கும் முறை எளிய எண்ணத்தில் பிறந்தது. செயற்கைக் கருவூட்டலால் ஒரு கிடாவின் மகள்கள் நூற்றுக்கணக்கான பண்ணைகளில் பிறக்கிறார்கள். பண்ணை வேறு, தீவனம் வேறு, கறப்பவர் வேறு. தந்தை மட்டும் ஒன்று. அத்தனை இடங்களிலும் ஒரு கிடாவின் மகள்களுக்கு மடி உயர்ந்து நின்றால், அதைப் பண்ணையின் தீவனத்தாலோ கையாலோ விளக்க முடியாது. பிரான்சில் ஆல்பைன், சானன் ஆகிய இரண்டு இனங்களில் இந்தக் கணக்கு பல பத்தாண்டுகளாக நடக்கிறது. பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர்கள் தலையீத்து ஆடுகளைப் பார்வையிட்டு, கணுமூட்டிலிருந்து மடியின் அடி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, முன்புறமும் பின்புறமும் மடி எப்படிப் பற்றியிருக்கிறது, காம்பின் சாய்வு என்ன என்று பதிகிறார்கள். அமெரிக்காவில் 1904ல் தொடங்கிய பால் ஆட்டுச் சங்கமும் இதேபோல் மதிப்பிடுகிறது. வளர்ந்த பெண்ணாட்டுக்கு அவர்கள் தரும் 100 மதிப்பெண்களில் 35 மடிக்கு மட்டும்.

இந்தப் பதிவுகளிலிருந்து வரும் முடிவு: மடி வடிவ அளவுகளில் ஆட்டுக்கு ஆடு காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை பெற்றோர் வழி வருகிறது. பாலின் அளவிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அப்படியே. மீதி வயது, குட்டிகளின் எண்ணிக்கை, தீவனம், கறவை, நோய் ஆகியவற்றைச் சேரும். ஒரே ஒரு ஆட்டின் மடியைப் பார்த்து அதன் மகளின் மடியைச் சொல்ல இது போதாது. ஒரு கிடாவின் நூறு மகள்களைப் பார்த்துச் சொல்ல இது தாராளமாகப் போதும்.

பால் ஆட்டில் மிகப் பெரிய விளைவுள்ள ஒற்றை மரபணு எதுவென்றால், ஆல்பா எஸ்1 கேசின் மரபணுதான். 1980களிலும் 90களிலும் பிரான்சின் வேளாண் ஆய்வு நிறுவனத்தில் ஃபிரான்சுவா குரோகுலோட் குழுவினர் இதை விரித்துக் காட்டினார்கள். ஆட்டுக்கு இந்த மரபணுவின் இரண்டு பிரதிகள் உண்டு. ஏ, பி வகைகளில் ஒவ்வொரு பிரதியும் லிட்டருக்கு 3.6 கிராம் கேசின் தரும். இ வகை 1.6 கிராம், எஃப் வகை 0.6 கிராம். ஓ வகை ஒன்றுமே தராது. பாலாடைக்கட்டிக்காக ஆடு வளர்க்கும் நாட்டுக்கு இது பொன்னான செய்தி. கிடாக்களின் இரத்தத்தைச் சோதித்தே தேர்வுசெய்தார்கள். தலையீத்தாக இருந்தாலும் ஆறாம் ஈத்தாக இருந்தாலும், சுரப்புச் செல்கள் எத்தனை முறை புதிதாகியிருந்தாலும், புதிய செல்லுக்குள் போவது அதே இரண்டு பிரதிகள்தாம்.

மடியின் வடிவம் அப்படி ஒரு மரபணுவின் பிடியில் இல்லை. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் சிறுசிறு பங்காகச் சேர்ந்து அதை உருவாக்குகின்றன. ஆனாலும் சில இடங்கள் தனித்துத் தெரிகின்றன. ஆட்டுக்கு 30 இணைக் குரோமோசோம்கள். பிரெஞ்சு ஆய்வாளர்கள் மரபணுத் தொகுதி முழுவதும் ஐம்பதாயிரத்தை ஒட்டிய குறியீடுகளை வைத்துத் தேடியபோது, சானன் இனத்தில் 19ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி மடியின் வடிவத்தோடும் பாலில் உள்ள உடலணுக்களின் (மடிநோய் வந்தால் கூடும் செல்களின்) எண்ணிக்கையோடும் ஒருங்கே தொடர்புகொண்டிருப்பதை 2018ல் வெளியிட்டார்கள். பாலின் அளவோடும் அதே குரோமோசோம் தொடர்புபட்டிருந்தது. ஆல்பைன் இனத்தில் இந்தச் சமிக்ஞை இல்லை. பாலையும் மடியையும் தனித்தனியே தேர்ந்தெடுக்கலாம் என்று நம்பும் வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

பாலுக்கும் மடிக்கும் உள்ள இந்தப் பிணக்கு கணக்கிலும் தெரிகிறது. பால் கூடுதலாகத் தரும் மரபுள்ள ஆடுகளில் மடியின் அடி தாழ்ந்திருக்கும் போக்கு உண்டு. பாலை மட்டும் பார்த்துத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தால், நார் தாங்கக்கூடியதைவிட அதிக எடையை ஏற்றிக்கொண்டே போகிறோம். மடி தாழ்ந்த மரபில் உடலணு எண்ணிக்கையும், அதனோடு மடிநோய் வாய்ப்பும் கூடுகிறது. பூர்ஜ் நகருக்கு அருகே ஓஸ்முவாவில் உள்ள ஆய்வுப் பண்ணையில் ஆல்பைன் ஆடுகளை இரண்டு மரபுகளாகப் பிரித்து வளர்த்தார்கள். ஒன்றில் உடலணு எண்ணிக்கை குறைவாக வரும் கிடாக்களின் மகள்கள், மற்றதில் அதிகமாக வரும் கிடாக்களின் மகள்கள். 2019ல் வெளியான முடிவுகளின்படி, முதல் வகையின் மடிகள் தெளிவாகவே ஆரோக்கியமாக இருந்தன. மடிநோய் எதிர்ப்பைத் தேர்வால் வளர்க்க முடியும் என்பது இதில் உறுதியானது. இந்த அளவின் மரபுப் பங்கு 0.2ஐ ஒட்டியதுதான். மெதுவாக நகரும், ஆனால் நகரும்.

இங்கே எனக்கு ஒரு குறை உண்டு. மடி வடிவத்தைத் தலையீத்தில் மட்டும் மதிப்பிடுவது வசதியானது. ஆடு இளமையாக இருக்கும்போதே தகவல் கிடைக்கிறது, கிடாவை விரைவில் தேர்ந்தெடுக்கலாம். தலையீத்து மடிக்கும் பிந்தைய ஈத்து மடிக்கும் மரபுத் தொடர்பு வலுவானதே. ஆனால் அது முழுமையானதல்ல. தலையீத்தில் நாம் பார்ப்பது இன்னும் தேயாத நார். தேய்மானத்தைத் தாங்கும் திறன் வேறொரு பண்பு. அது தெரிய மூன்று ஈத்தாவது ஆக வேண்டும். மடி இறங்கிய ஆடுகள் அதற்குள் கழிக்கப்பட்டுவிடுவதால், மூன்றாம் ஈத்தின் பதிவேட்டில் நல்ல மடிகள் மட்டுமே மிஞ்சுகின்றன. கழிக்கப்பட்டவற்றையும் கணக்கில் சேர்க்காவிட்டால், நல்ல கிடாவும் கெட்ட கிடாவும் ஒன்றுபோல் தோன்றும். மகள்கள் எத்தனை ஈத்து பட்டியில் நீடித்தார்கள் என்ற ஆயுள் கணக்கையும் தேர்வில் சேர்ப்பதுதான் நேர்மையான வழி.

நெதர்லாந்துப் பண்ணைகள் பலவற்றில் வேறொரு பாதை எடுத்திருக்கிறார்கள். ஆட்டை ஆண்டுதோறும் சினைப்படுத்தாமல் இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் தொடர்ந்து கறக்கிறார்கள். ஈத்துகளின் எண்ணிக்கை குறைவதால் ஒவ்வொரு முறையும் வரும் உச்சப் புடைப்பும், பிரசவத்தின் ஆபத்தும், விற்க முடியாத கிடாக்குட்டிகளும் குறைகின்றன. பால் இறங்காமல் நீடிக்கும் மரபு இருந்தால் மட்டுமே இது கட்டுப்படியாகும். அந்த மரபும் ஆட்டுக்கு ஆடு வேறுபடுகிறது.

பால் ஆடு வைத்திருப்பவர்களுக்கும் வாங்க எண்ணுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தலையீத்து மடியின் அழகை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். முடிந்தால் அதன் தாயையும், கிடாவைப் பெற்ற தாயையும் மூன்றாம் ஈத்துக்குப் பிறகு, கறந்து முடித்தவுடன் போய்ப் பாருங்கள். உங்கள் ஆடுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, ஈன்ற முப்பதாவது நாளில் கணுமூட்டிலிருந்து மடியின் அடி எத்தனை விரற்கடை உயரத்தில் இருக்கிறது, எத்தனை குட்டி ஈன்றது, எந்தக் கிடாவுக்குப் பிறந்தது என்று ஈத்துதோறும் எழுதி வையுங்கள். மடி இறங்கியதால் விற்ற ஆட்டின் பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள். அடுத்த கிடாவைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தப் பக்கமும் வேண்டும்.